கடகத்துக்குள் ஒரு பூனை

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கறுப்பி வீட்டில் நிற்காது. கொழும்புத்துறையில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கு மச்சம் இல்லை. வியாழன் இரவே மச்சச் சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கி, குசினிக்கு வெளியே கவிழ்த்துவிடுவார் அம்மா. கொஞ்சத் தூரத்தில் பாசையூர் அந்தோனியார் கோயிலடியில் வெள்ளிக்கு இறைச்சிதான் விலக்கு, மீன் உண்டு. கறுப்பி விடியவே படலைக்குக் கீழால் நழுவி, மதில் மதிலாகப் போய், அங்கே சூடை ஆய்ந்துகொண்டிருக்கும் யாராவது ஒரு மாமியின் காலடியில் குந்திவிடும். சனி விடியத் திரும்பி வந்து அம்மம்மாவின் சேலைக்கரையில் முகத்தைத் தேய்க்கும். அம்மம்மா குனிந்து அதன் வாயை மணந்து பார்த்து, "வேதக்காரர் வீட்டுச் சூடையோ?" என்று கேட்பார்.

நல்லூர் கொடியேறிவிட்டால் கதை வேறு. 25 நாளும் வீட்டில் மரக்கறிதான். அம்மம்மா சோற்றுக்குள் பசுப்பால் விட்டுப் பிசைந்து சிரட்டையில் வைப்பார். கறுப்பி மணந்து பார்த்துவிட்டு, கிணற்றடி வாழைக்குள் போய்ப் பதுங்கி ஓணான் பார்க்கும். "பசிச்சாத் தின்னும்" என்பார் அம்மம்மா. தின்னாது. தீர்த்தத் திருவிழா முடிவதற்குள் முதுகெலும்பு எண்ணக்கூடியதாகிவிடும்.

பூனைக்கும் பாலுக்கும் உள்ள உறவை அப்பா கம்பனிடமிருந்து எடுத்துச் சொல்லுவார். இராமகதையைப் பாட வந்த தன்னை, பாற்கடலைக் குடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டுப் போன பூனையாகச் சொல்லிக்கொள்கிறானாம் கம்பன். 1980இல் யாழ்ப்பாணத்தில் கம்பன் கழகம் தொடங்கிய பிறகு நடந்த விழாக்களுக்கெல்லாம் அப்பா தவறாமல் போய்வந்தவர். சிரட்டையில் பால் ஆறிக் கிடப்பதைப் பார்த்து, "இது கம்பனைப் படிக்காத பூனை" என்பார். உண்மையில், பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசுப்பால் சமிக்காது. வயிற்றோட்டம்தான் மிச்சம். பாற்சோற்றை விட்டு விலகிப் போன கறுப்பிக்குத் தன் வயிற்றைப் பற்றி எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பூனை மரக்கறி தின்று ஏன் வாழமுடியாது என்பது எனக்கு வெகு காலம் பிந்தித்தான் விளங்கியது. ரோறின் என்று ஒரு சத்து. எங்கள் உடம்பு அதைத் தானே ஆக்கிக்கொள்ளும், பெரும்பாலான நாய்களின் உடம்பும் ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடம்புக்கு அது போதியளவு கைவராது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் எடுக்கவேண்டும். வருடக்கணக்கில் கிடைக்காமல் போனால் கண்பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். சைவ வீடுகளில் பாலும் சோறுமாக வளர்ந்த பூனைகள் சில கதவு நிலையில் முட்டிக்கொள்ளத் தொடங்கும்போது, "வயசு போட்டுது, கண் பூத்திட்டுது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்றைக்கு நல்லூர்க் காலத்தில் எங்கள் பக்கத்துச் சைவ வீடுகள் சிலவற்றின் படலையில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி தொங்கும். குருநகர் அக்கா கொண்டுவந்து கொழுவிவிட்டுப் போவது. கடற்றொழில் செய்கிற குடும்பம். விற்கச் சிறுத்துப்போன சூடையை உப்பும் புளியும் இல்லாமல் அவித்து, முள்ளோடு மசித்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். குசினிக்குள் மீன் போகக்கூடாது என்பதால் படலையடி. "தங்கச்சி, நீங்கள் விரதத்தைப் பிடியுங்கோ. உதுகளை நான் பாக்கிறன்" என்று முதல் வருடமே சொல்லிவிட்டார். வேதக்கார வீட்டு அவியல் சூடை தின்றுதான் எங்கள் ஒழுங்கைப் பூனைகள் முருகனின் திருவிழாவைக் கழிக்கின்றன. இதை எழுதும்போது அந்த அக்காமீது எனக்கு உண்டாகும் மரியாதையை மறைக்க விரும்பவில்லை.

அவரோடு இன்னும் சில பெண்கள், ஒன்றிரண்டு பொடியள், ஓட்டோக்காரர் ஒருவர், பேராதனையில் படித்துவிட்டு வந்த ஒரு மிருக வைத்தியர். பெயர்ப்பலகை இல்லை, பதிவு இல்லை, ஒரு வட்ஸ்அப் குழு மட்டும் உண்டு. சந்தையடியில் கிடக்கிற குட்டிகளை எடுப்பது, ஆளாளுக்குப் பிரித்து வீட்டில் வைத்து வளர்ப்பது, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது, பெட்டைகளைப் பிடித்துக் கருத்தடை ஒப்பரேஷன் செய்விப்பது. நானும் அதில் ஒருத்தி. என் பங்கு பெரும்பாலும் விறாந்தையும் இரவு நித்திரையும்தான்.

சந்தையடி என்றேன். சின்னக்கடையும் காக்கைதீவும் நாவாந்துறையும் எங்கள் ஊர்களின் பூனைக்குட்டிகள் போய்ச் சேருகிற இடங்கள். "கொண்டுபோய் விடுறது" என்று அதற்குப் பெயர். "குட்டியளை என்ன செய்தனியள்?" "கொண்டுபோய் விட்டாச்சு." கேட்டவரும் மேலே கேட்கமாட்டார். மீன் கழிவு இருக்கிற இடத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று மனதுக்கு ஒரு சமாதானம். கண் திறந்து கிழமை இரண்டு ஆகாத குட்டி மீன் தலையை என்ன செய்யும்? மழை வந்தால் வாய்க்கால், வெயில் வந்தால் தார் றோட்டு, அதற்குமேல் காகம்.

என் சின்ன வயதில் இந்த வேலை மாமாவுடையது. அம்மம்மாவுக்குக் கொல்வது என்ற சொல்லே ஆகாது. பூனையைக் கொன்ற பாவம் தீரப் பொன்னிலே பூனை செய்து தானம் கொடுக்கவேண்டும் என்பார். நாவலரின் பாலபாடத்தில் கொலை, புலாலுண்ணல் என்று தனித்தனிப் பாடங்களே உண்டு. அதைப் படித்து வளர்ந்த தலைமுறை அவர். ஆனால் கொண்டுபோய் விடுவதற்கு எந்தப் பாவக் கணக்கும் எழுதப்படவில்லை. மாமா உரப்பை ஒன்றில் குட்டிகளைப் போட்டுச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போவார். பையின் அடிப்பக்கம் நெளிவது முச்சந்தி வரைக்கும் தெரியும். கறுப்பி அன்று இரவும் அடுத்தடுத்த இரவுகளும் அடுப்படி, விறகுக் கொட்டில், நெல்லுப் பெட்டிக்குப் பின்பக்கம் என்று ஒவ்வொரு இடமாகப் போய், தொண்டைக்குள்ளால் ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடும். பால் கட்டி வயிறு கல்லாகிவிடும். அம்மம்மா நல்லெண்ணெய் தொட்டுத் தடவிக்கொண்டு, "சரியடி ராசாத்தி, சரியடி" என்பார். அடுத்த ஈற்றுக்கு மாமாவை அவர்தான் கூப்பிடுவார். இரண்டும் ஒரே ஆள்தான். அவரில் எனக்குக் கோபமில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி ஒன்று இருக்கிறதென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

ஒரு பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது கிழமையில் ஈனும். குட்டிகள் பால்குடிக்கும்போதே அடுத்த சினை. வருடத்தில் இரண்டு மூன்று ஈற்று. எங்கள் வெக்கைக்கு ஓய்வுகாலம் என்று ஒன்று கிடையாது. அம்மம்மா பெட்டைக்குட்டிகளைக் கண்டுபிடிக்க வைத்திருந்த ஒரு வழி மட்டும் பிழைத்ததே இல்லை: கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் ஒன்றில் இருந்தால் பெட்டை. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் மூவர்ணப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டையே என்பதைப் பின்னர் படித்தபோது, அடுப்படியில் இருந்துகொண்டே அவர் சரியாகச் சொன்னது நினைவு வந்தது. மாமாவின் பையில் முதலில் போவதும் அந்த மூவர்ணக் குட்டிகள்தான். பெட்டை என்றால் பிறகும் பெருகும்.

சில பூனைகள் திரும்பி வந்துவிடும். ஒருமுறை ஒரு சாம்பல் கடுவன் அரியாலையில் விட்ட நாலாம் நாள் வந்து படலையில் குந்தியிருந்தது. மாமா சொன்னார், "தண்ணி தாண்டி விடவேணும். நாவற்குழிப் பாலத்துக்கு அங்காலை விட்டால் வராது."

1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் எல்லோரும் அந்தப் பாலத்தைத் தாண்டினோம்.

போர் நெருங்கி வலிகாமமும் யாழ்ப்பாண நகரமும் ஒரே இரவில் வெறிச்சோடியதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மழை, இருட்டு, லட்சக்கணக்கான சனம் ஒரே றோட்டில், ஒரு அடி வைக்க எத்தனை நிமிடம். நான் அதைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை. எனக்குள் நிற்பது ஒரு முதியவர். எங்களுக்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கரியரில் இரண்டு பனையோலைக் கடகங்கள், வாயோடு வாய் பொருத்திக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. மேலே உரப்பை போர்த்தி மழைக்கு மறைத்திருந்தார். நெரிசல் நின்ற ஒரு நேரம் உள்ளிருந்து பூனை கத்தியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "ஐயா, உங்கட சாமான் எங்கை?" என்று கேட்டார். அவர் கடகத்தில் கையை வைத்து, "இதுதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை தன் பிஸ்கட்டை ஓலை இடுக்கால் நுழைத்தது.

எங்கள் வீட்டில் கறுப்பி அப்போது குட்டிகளோடு விறகுக் கொட்டிலில் இருந்தது. அம்மம்மா போகும்போது குசினிக் கதவைத் திறந்து விட்டு, பானையில் இருந்த சோறு முழுவதையும் கிணற்றடியில் கொட்டினார். கருவாட்டு முட்டியை உடைத்து வைத்தார். "இரண்டு நாளிலை வந்திடுவம்" என்று கறுப்பிக்குச் சொன்னார். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இருந்த மாதங்களில் அம்மம்மா சாப்பாட்டுக்கு முன் ஒருபிடி சோற்றை ஒதுக்கிவைப்பார். அங்கு சுற்றித் திரிந்த, யாருடையதென்று தெரியாத பூனைகளுக்கு அது. "எங்கடைக்கும் ஆரும் வைப்பினம்" என்பார். வலிகாமத்தில் வைக்க ஆள் இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

1996 சித்திரை, வைகாசியில் சனம் திரும்பியது. வீட்டுக் கூரையில் பாதி இல்லை, கிணற்றுக்குள் குப்பை, விறகுக் கொட்டில் இருந்த இடத்தில் எருக்கலை. கறுப்பி இல்லை. மதிலில் ஒரு இளம் கடுவன் நின்றது. கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளைப் பொட்டு, கறுப்பியின் அதே கோணல் வால். கிட்டப் போனால் சீறும். அம்மம்மா தினமும் அதே சிரட்டையில் மீன் முள்ளு வைத்து, தூர இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மாரி தொடங்கும்போது அது குசினி வாசற்படிக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து உரப்பை போகவில்லை. பிறகு வளவில் கண்ட குட்டிகள் எதற்கும் மாமாவைக் கூப்பிடாமல், அம்மம்மா ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து ஆள் தேடிக் கொடுத்தார். ஏனென்று அவர் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

அதற்கும் முன்னைய காலத்துக்கு மனம் போகிறது. பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, ஜாம்போத்தல் விளக்கில் படிப்பு. கடலில் தடை, அதனால் மீனும் அருந்தல். அடுப்பில் பூனை தூங்குகிறது என்று வறுமைக்குச் சொல்வார்கள். எங்கள் அடுப்பில் கறுப்பி உண்மையாகவே தூங்கியது. பனம் மட்டை எரித்த சாம்பல் வெதுவெதுப்பில் சுருண்டிருக்கும், எழும்பி வந்தால் கறுப்பி சாம்பலியாகியிருக்கும். பின்வளவில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். குண்டு போடுகிற சகடை விமானம் வரும் சத்தம் எங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன் கறுப்பி பங்கருக்குள் இறங்கிவிடும். எங்களால் கேட்க முடியாத மெல்லிய சத்தமும் பூனையின் காதுக்கு எட்டுமாம். அன்று எங்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. கறுப்பி இறங்கினால் நாங்களும் இறங்குவோம், அவ்வளவுதான். ஒரு ஈற்றுக் குட்டிகளைப் பங்கருக்குள்தான் போட்டது. குண்டுச் சத்தத்துக்கு மேலால் குட்டிகள் பால் குடிக்கிற உறிஞ்சல் ஒலி கேட்டபடி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மயிலிட்டிச் சனம் எங்களைவிட முன்னால் ஊரைவிட்டு எழும்பியவர்கள். 1990 ஜூனில் போனவர்களுக்கு 2017 யூலை 3இல்தான் துறைமுகப் பக்கம் திரும்பிக் கிடைத்தது. 27 வருடம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தோடு பிறகு அங்கு போயிருந்தேன். வீடு இருந்த இடத்தில் மரங்கள் கூரை உயரத்துக்கு நின்றன. எல்லைக் கல்லைத் தேடி அந்த வீட்டுக்காரர் கத்தியோடு பற்றைக்குள் போனார். துறைமுகத்தில் படகு வந்து நின்றதும் எங்கிருந்தோ பூனைகள். ஒரு கிழவர் வலையிலிருந்து சின்னக் கீரிகளைத் தெரிந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எறிந்தார். பெரியது சின்னதன் பங்கைப் பறித்தால் பெரியதை ஏசினார்.

இப்போது யாரும் எங்களை எழுப்பவில்லை. நாங்களாகவே போகிறோம். கனடாவுக்கும் லண்டனுக்கும் பிரான்ஸுக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனவர்கள் இன்னும் அதிகம். ஒழுங்கைக்கு நாலு வீடாவது பூட்டு. சாவி ஒரு சொந்தக்காரரிடம், வளவு துப்புரவாக்க மாதம் ஒரு ஆள், மதிலுக்கு மேல் கமெரா. பூனைக்கு என்று யாரும் இல்லை. வட்ஸ்அப்பில் வருகிற தகவல்களில் பாதி இதுதான்: "அக்கா, எங்கட பக்கத்து வீட்டார் போயிட்டினம், அவையின்ர பூனை படலையிலையே நிக்குது." இடம்பெயர்வு என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பூட்டிய படலைக்கு முன்னால் குந்தியிருக்கும் பூனையை விளங்கிக்கொள்ள இந்த உலகத்தில் எங்களைவிடத் தகுந்த சனம் எது? அதனால்தான் இந்தத் தகவல் வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமும் வருகிறது.

எங்கள் குழுவுக்கு வருகிற பூனைகள் சாவது பெரும்பாலும் தெரியாத்தனத்தால். பனடோலை எடுங்கள். எல்லா வீட்டிலும் இருக்கும். பூனை சோர்ந்து கிடந்தால் காய்ச்சல் என்று நினைத்துப் பாதிக் குளிசையைக் கரைத்துப் பருக்கிவிடுகிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைக் கழிக்க முடியாது. முகம் வீங்கி, முரசு நீலம் பாய்ந்து, மூச்சு முட்டும். ஒரு குளிசை போதும் ஒரு பூனையைக் கொல்ல. அன்பினால் கொடுத்த குளிசை. குருநகர் அக்கா இதைப் பூசை முடிந்து வருகிறவர்களிடம் சொல்லுவார், மீன் வாங்க வருகிறவர்களிடம் சொல்லுவார், பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுவார்.

அடுத்தது தாயில்லாக் குட்டி. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் பாலோடுதான் வருவார்கள். பாலுக்கு முதல் சூடு. உடம்பு குளிர்ந்த குட்டிக்கு எதைப் பருக்கினாலும் சமிக்காது. சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் விட்டுத் துவாயில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டும். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டும். பிறகு பூனைக்குட்டிகளுக்கென்று விற்கிற மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தபடி, சொட்டுச் சொட்டாக. மல்லாத்திப் பருக்கினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். முதல் கிழமைகளில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும். குடித்து முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழ்ப்பக்கம் மெல்லத் தடவவேண்டும். அப்படித் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய் நக்கி நக்கிச் செய்கிற வேலை அது. கறுப்பி அந்தப் பங்கருக்குள் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது எதற்கென்று, முதன்முதலாக ஒரு குட்டியை உள்ளங்கையில் வைத்துப் பஞ்சால் தடவிய இரவில்தான் விளங்கிற்று.

இயக்கச்சியில் ஆறு. திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் நடத்துகிறது. தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயைத் தூக்கிக்கொண்டு போக ஒரு இடம் இருக்கிறது என்பதே குடாநாட்டுக்குப் பெரிய விஷயம். அதைப் பார்த்துவிட்டு, "பூனைக்கும் அப்பிடி ஒண்டு கட்டினால் என்ன? காசு அனுப்பிறம்" என்று வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள். நல்ல மனம். ஆனால் பூனைகளை ஒரே கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் அடைப்பதில் ஆபத்து இருக்கிறது. பான்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ், நாய்களின் பார்வோவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வாந்தியும் வயிற்றோட்டமுமாக ஒரு ஈற்றுக் குட்டிகளை ஓரிரு நாளில் முடித்துவிடும். தரையில், துணியில், செருப்பில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி போடாத குட்டிகள் நாளாந்தம் வந்து சேர்கிற இடத்தில் அது நுழைந்தால் வெளியேற்றுவது பெரும்பாடு. வீடு வீடாகப் பிரித்து வைத்து, வந்த குட்டியை இரண்டு கிழமை தனியே பார்த்து, பிறகு ஊசி போட்டுக் கொடுப்பதுதான் எங்களுக்குச் சரிவருகிறது. கட்டடத்துக்கு அனுப்பும் காசை ஒப்பரேஷனுக்கு அனுப்புங்கள் என்று ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கும் எழுதினேன். அவளுடைய பூனைக்குத் தோலுக்குக் கீழே மின்சில்லு இருக்கிறது, தொலைந்தால் எந்த வைத்தியரும் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பூனையின் பெயரிலேயே இப்போது மாதாமாதம் அனுப்புகிறாள்.

ஒப்பரேஷன் நாளில் முதல் பிரச்சினை பூனையைக் கொண்டுபோவது. பூனைக்கூடு வாங்க எல்லோரிடமும் காசில்லை. மட்டைப் பெட்டியை ஓட்டோவுக்குள் கிழித்துக்கொண்டு பாய்ந்துவிடும். ஒரு தடவை வழியில்லாமல் நின்றபோது எனக்கு நாவற்குழி முதியவர் நினைவுக்கு வந்தார். இரண்டு கடகம், வாயோடு வாய், குறுக்கும் நெடுக்கும் கயிறு. காற்றுப் போகும், உள்ளே இருட்டு, பூனை அடங்கிப் படுக்கும். இன்றைக்கு எங்கள் குழுவில் எல்லோரிடமும் ஒரு சோடிக் கடகம் உண்டு. அவர் யார், அந்தப் பூனையோடு எங்கே போய்ச் சேர்ந்தார் என்று விசாரித்துப் பார்க்கும் வயது அன்று எனக்கு இருக்கவில்லை.

முந்திய இரவிலிருந்து பட்டினி. காலையில் வைத்தியரிடம். கருப்பையும் சூலகமும் எடுத்து, தைத்து, தெருப் பூனையானால் மயக்கத்திலேயே இடது காதின் நுனியை நேராக வெட்டிவிடுவார். தூரத்தில் பார்த்தாலே தெரியும் இதற்குச் செய்தாயிற்று என்று, மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. உலகில் வேறு பல இடங்களிலும் காதில்தான் அடையாளம். மயக்கம் தெளியும்வரை என் விறாந்தையில் வரிசையாகக் கிடக்கும், நாக்கு வெளியே தள்ளி, கண் திறந்தபடி. "செத்துப்போச்சோ?" என்று பார்க்கிற பிள்ளைகள் கேட்கும். தொட்டு மூச்சைக் காட்டுவேன்.

பிடிக்கும்போது கடி விழும். சவர்க்காரம் போட்டுக் காற்மணித்தியாலம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விசர்நோய் ஊசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம். 1973இல் இலங்கையில் 377 பேரைக் கொன்ற நோய் அது. ஊசிகள் வந்துதான் வெகுவாகக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கு ஊசி போடுகிற நாளில் பூனையையும் கொண்டுபோங்கள் என்று நாங்கள் படலை படலையாகச் சொல்லுவோம்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்பார்கள். 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் இருக்கிறது. தண்டப்பணம் கூடியது 100 ரூபா. இன்றைக்கு அதற்கு ஒரு தேங்காய்கூட வாங்கமுடியாது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய மிருக நலச் சட்டத்துக்கு நகல் ஒன்றை எழுதியது. அது அரசு மாற அரசு மாற ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சட்டத்துக்காகக் காத்திருந்தால் கறுப்பிகள் அதற்குள் எத்தனை தலைமுறை பெற்றுவிடும்.

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் நின்றன. குருநகரிலும் பாசையூரிலும் மனிதருக்கே மீன் இல்லை. கடைகளில் பூனைத் தீன் பைக்கற்றின் விலை ஏறிக்கொண்டே போய், பிறகு பைக்கற்றே இல்லாமல் போனது. அந்த மாதங்களில்தான் நல்ல வீடுகளிலிருந்தும் பூனைகள் சந்தைக்கு வந்தன. கழுத்தில் மணியோடு. குருநகர் அக்கா தன் வீட்டில் சோற்றோடு கருவாட்டுத் தூள் கலந்து, ஒருவேளை மனிதருக்கு, ஒருவேளை பூனைகளுக்கு என்று பங்கிட்டார். அவருடைய வீட்டுக்காரர் வள்ளத்தடியில் இருந்து தூண்டில் போட்டுக் கிடைத்ததைக் கொண்டுவருவார்.

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனபோது, பூனை என்றாலே முகம் சுழித்தவர்கள் படலைக்கு வந்து, "ஒரு நல்ல எலி பிடிக்கிற பூனை இருக்கோ?" என்று கேட்டார்கள். பூனை எலி பிடிக்கும், ஆனால் எலிக்காய்ச்சலுக்கு அது மருந்தாகாது; வயலில் இறங்குகிறவர்கள் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கிற குளிசையை எடுக்கவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினோம். சிலர் அப்படியிருந்தும் கொண்டுபோனார்கள். மனிதரும் பூனையும் சேர்ந்ததே தானியத்தாலும் எலியாலும்தானே. சைப்பிரஸ் தீவில் 9,500 வருடத்துக்கு முந்திய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்தில் ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004இல் அறிவித்தார்கள். அந்தத் தீவில் காட்டுப்பூனை இயல்பாக இருந்ததில்லை. யாரோ அதைப் படகில் ஏற்றித்தான் கொண்டுவந்திருக்கவேண்டும். தண்ணி தாண்டி.

போன மாதம் அரியாலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் கனடாவுக்கு எடுக்கிறான், விசா வந்துவிட்டது. கையில் கடகம் இல்லை, மீன்பிடிக் கூடையை வலைத்துண்டால் மூடிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே மணியன், செம்மஞ்சள் கடுவன், நலமடித்தது, ஊசி அட்டை ஒழுங்காக இருந்தது. கொப்பித் தாளில் எழுதியும் வைத்திருந்தார்: சூடை தின்னாது. கீரி தின்னும், தலையோடு அவிக்கவேண்டும். இடிமுழக்கத்துக்குப் பயம், கட்டிலுக்குக் கீழே விட்டுவிடுங்கள். இரவு பத்துக்குப் பிறகு கதவைச் சுரண்டும். "பிள்ளை, போறதுக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. இப்பவே கொண்டுவந்தனான், பழகட்டும் எண்டு. நான் பின்னேரத்திலை வந்து வந்து பாக்கிறன்" என்றார். வந்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார். கடைசிக் கிழமையில் படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது காணொளியில் அழைத்து, "மணியன் என்ன செய்யிறான்?" என்று கேட்கிறார். திரையைக் காட்டினால் மணியன் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அவருக்கு அதில் குறையில்லை. "தின்னுறானோ?" என்பதுதான் கேள்வி. தின்கிறான். கீரி கிடைக்காத நாளில் பாரைத் தலையும் தின்னப் பழகிவிட்டான்.

வருகிற சனிக்கிழமை ஒப்பரேஷன் நாள். எங்கள் ஒழுங்கையிலிருந்து இரண்டு பெட்டை, குருநகரிலிருந்து ஒரு தாயும் மகளும். நாவாந்துறைச் சந்தையடிச் சாம்பல் பெட்டை மட்டும் ஒருவர் கைக்கும் அகப்படாமல் திரிகிறது. வயிறு இன்னும் தெரியவில்லை, இந்தத் தடவை பிடித்தாகவேண்டும். குருநகர் அக்கா வெள்ளி பின்னேரம் அவித்த சூடையோடு அங்கே போய் இருக்கப்போகிறார். கடகம் என்னுடையது.